பெரிய திட்டங்களுக்கு ஒப்புதல் கிடைப்பது எப்படி, மாற வேண்டியது எது: தருமபுரி, கிருஷ்ணகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை–சேலம் எட்டு வழிச் சாலை, கெயில் நிறுவனத்தின் எரிவாயுக் குழாய், உயர் மின்கோபுரம், பெங்களூரைச் சுற்றி வரும் வெளிவட்டச் சாலை, இப்போது ஓசூர் விமான நிலையம். கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களாக நம் இரண்டு மாவட்டங்களுக்கும் சர்வேக் கல் புதிதல்ல. இன்னொரு பக்கம், திட்டங்கள் இழுத்துக்கொண்டே போகின்றன, அனுமதி முறையை எளிமையாக்க வேண்டும் என்ற பேச்சு டெல்லியிலும் சென்னையிலும் ஓயவில்லை. கலெக்டர் ஆபீஸ் வாசலிலும் ஊர் டீக்கடையிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சட்டம் சொல்வதைச் சட்டமாகவும், என் கருத்தை என் கருத்தாகவும் பிரித்தே சொல்லியிருக்கிறேன்.

ஒரு தேசியத் திட்டத்துக்கு மொத்தம் எத்தனை ஒப்புதல் வேண்டும்?

திட்டத்துக்குத் திட்டம் மாறும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சட்டம், ஒரே அலுவலகம் என்று எதுவும் கிடையாது. பணத்துக்கு ஒரு பாதை: 1,000 கோடி ரூபாயைத் தாண்டினால் மத்திய அமைச்சரவை வரை கோப்பு போக வேண்டும். நிலத்துக்கு வேறு பாதை: சாலைக்கு 1956-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம், தண்டவாளத்துக்கு 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், எரிவாயுக் குழாய்க்கு 1962-ஆம் ஆண்டுச் சட்டம். சுற்றுச்சூழல் அனுமதிக்கு 2006 செப்டம்பர் 14 அறிவிக்கை. காட்டைத் தொட்டால் 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம். சரணாலயத்தைத் தொட்டால் தேசிய வனவிலங்கு வாரியம். காவிரி வடக்கு, காவிரி தெற்கு என இரண்டு சரணாலயங்கள் நம் பக்கம் இருப்பதால் இது நமக்கு ஏட்டுச் சட்டம் இல்லை. அப்புறம் ஏரிக் கால்வாயைக் கடக்க நீர்வளத் துறை, கம்பத்தை நகர்த்த மின்வாரியம், தண்டவாளத்தைத் தாண்ட ரயில்வே. ஒவ்வொன்றுக்கும் தனிக் கெடு, தனி அதிகாரி. ஒருவர் மேசையில் என்ன நடக்கிறது என்பது அடுத்தவருக்குத் தெரியாது.

மக்கள் எதிர்ப்பதால்தானே திட்டங்கள் தாமதமாகின்றன?

மொரப்பூர்–தருமபுரி ரயில் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 36 கிலோமீட்டர். வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே குறுகிய ரயில் பாதை ஓடியது; இரண்டாம் உலகப்போர் சமயத்தில் மூடிவிட்டார்கள். மீண்டும் வேண்டும் என்பது மாவட்டத்தின் தலைமுறைக் கோரிக்கை. கட்சி வேறுபாடில்லாமல் எல்லாரும் கேட்டார்கள். 2016-17 ரயில்வே பட்ஜெட்டில் ஒப்புதலும் கிடைத்தது.

இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. ரயில் பாதைக்குச் சுற்றுச்சூழல் அனுமதியே தேவையில்லை. 2006 அறிவிக்கையின் பட்டியலில் ரயில் பாதை இல்லை. ஆகவே அந்த அறிவிக்கையின்படியான கருத்துக்கேட்புக் கூட்டமும் கிடையாது. ஊரே வேண்டும் என்று நிற்கிற திட்டம், பொதுக்கூட்டம் போடத் தேவையே இல்லாத திட்டம். அப்படியும் வருடக்கணக்கில் நில எடுப்பிலேயே கிடந்தது. அப்படியென்றால் தாமதம் எங்கே உட்கார்ந்திருக்கிறது? நில அளவையில், உட்பிரிவில், பணம் ஒதுக்குவதில், நில எடுப்புக்கென்று தனி வட்டாட்சியரும் சர்வேயரும் போதுமான அளவு இல்லாததில்.

150 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மத்திய அரசுத் திட்டங்களின் தாமதத்தை மத்திய புள்ளியியல் அமைச்சகம் தொடர்ந்து கண்காணித்து அறிக்கை தருகிறது. நில எடுப்பு, வன அனுமதி, நிதி, ஒப்பந்தக்காரர் பிரச்சினை என்று காரணங்கள் அதிலேயே வரிசையாக வரும். கருத்துக்கேட்புக்குச் சட்டம் கொடுத்திருப்பது 45 நாள். அதைக் குறைத்து மிச்சம் பிடிக்கிற நாட்களால் ஒரு திட்டமும் காப்பாற்றப்படப் போவதில்லை.

எட்டு வழிச் சாலை வழக்கில் கடைசியில் என்ன தீர்ப்பு? ஜெயித்தோமா, தோற்றோமா?

இரண்டும்தான். சென்னை–சேலம் 277 கிலோமீட்டர், சுமார் 10,000 கோடி ரூபாய் மதிப்பு. 2018-இல் அறிவித்தார்கள். நம் பக்கம் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வட்டங்கள் வழியாகப் போவது. ஊத்தங்கரை வட்டத்தில் ஒரு சிறு துண்டு. மத்திய அரசின் முதல் பட்டியலில் சென்னை–மதுரை என்று இருந்த பாதை, பிறகு சென்னை–சேலம் என்று மாறியது. எந்த ஊர்க்காரரையும் கேட்டு மாற்றவில்லை.

2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது. சுற்றுச்சூழல் அனுமதி வாங்காமல் நிலம் எடுக்கத் தொடங்கியது தவறு என்றது. அப்போது தருமபுரி எம்.பி.யாக இருந்த அன்புமணி ராமதாசும் மனுதாரர்களில் ஒருவர். நெடுஞ்சாலை ஆணையம் மேல்முறையீடு போனது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது: நிலம் எடுக்கும் எண்ணத்தை அறிவிக்கும் முதல் அறிவிக்கைக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி வேண்டியதில்லை, வேலை தொடங்கும் முன் இருந்தால் போதும் என்றது. ஆனால் வருவாய்ப் பதிவேட்டில் விவசாயியின் பெயரை முன்கூட்டியே எடுத்துவிட்டு அரசின் பெயரை ஏற்றியது செல்லாது, பழையபடி மாற்ற வேண்டும் என்ற உயர் நீதிமன்ற உத்தரவை மட்டும் அப்படியே உறுதி செய்தது.

சாலை இன்னும் வரவில்லை. இரண்டு தீர்ப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் சீர்திருத்தம் எங்கே வேண்டும் என்பது தெரிந்துவிடும். உச்ச நீதிமன்றம் சொன்ன வரிசை சட்டப்படி சரி. நடைமுறையில் அதன் பொருள் என்ன? முதலில் உங்கள் சர்வே எண் கெஜட்டில் வரும். பாதை சுற்றுச்சூழலுக்கு ஏற்றதா என்ற ஆய்வு அதற்குப் பிறகு முடியும். அறிவிக்கையில் வந்த நிலத்தை வாங்க ஆள் வராது, வங்கி கடன் தர யோசிக்கும், கிணறு வெட்ட மனசு வராது. பாதை மாறினாலும் அந்த வருடங்கள் திரும்பாது.

கெஜட்டில் என் சர்வே எண் வந்துவிட்டது. உடனே என்ன செய்ய வேண்டும்?

தேதியைப் பாருங்கள். தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 3ஏ பிரிவில் அறிவிக்கை வந்தால், 21 நாளுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபணை கொடுக்க வேண்டும். அந்த 21 நாள் கெஜட்டில் வெளியான தேதியிலிருந்து ஓடுகிறது. பேப்பரில் விளம்பரம் வந்த நாளிலிருந்து என்று நினைத்துக்கொண்டு கெடுவைத் தவறவிட்டவர்கள் நம்மூரில் நிறையப் பேர். உள்ளூர்ப் பத்திரிகைகள் இரண்டில், அதில் ஒன்று தமிழில், விளம்பரம் வர வேண்டும் என்பது சட்டம். ஆனால் கெஜட்டுக்கும் அந்த விளம்பரத்துக்கும் நடுவில் சில நாட்கள் கரைந்திருக்கும்.

அறிவிக்கையின் அட்டவணையில் ஊர்ப்பெயர், சர்வே எண், நஞ்சையா புஞ்சையா, பரப்பு என்று கட்டங்கள் இருக்கும். பரப்பு ஹெக்டேரில் இருக்கும், 0.0450 என்று பார்த்துவிட்டு ஏதோ சுண்டைக்காய் அளவு என்று விட்டுவிடாதீர்கள். 247.1 ஆல் பெருக்கினால் சென்ட் கணக்கு வரும்: பதினொரு சென்ட். அது வரப்போரமா, கிணற்றுமேட்டில் போகிறதா, தோட்டத்தை நடுவில் பிளக்கிறதா என்பதை அட்டவணை சொல்லாது. புலப்படத்தை (உங்கள் சர்வே எண்ணின் அளவைப் படத்தை) எடுத்து வைத்துக்கொண்டு சர்வேயரிடம் காட்டச் சொல்லுங்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் அன்றைக்கே பெயர் மாற்றத்துக்கு எழுதிப் போடுங்கள்; பிறகு இழப்பீட்டுப் பணம் நிற்பது பெரும்பாலும் இங்கேதான்.

மனுவை நில எடுப்புக்கான தகுதி பெற்ற அதிகாரியிடம் கொடுத்து, தேதியுடன் ஒப்புகை வாங்குங்கள். "நிலம் தர மாட்டேன்" என்று மட்டும் எழுதினால் ஒரு வரியில் தள்ளுபடி ஆகும். பாதை ஏன் இங்கே வேண்டாம், பக்கத்தில் புறம்போக்கோ பழைய சாலையோ எங்கே இருக்கிறது, ஏரி வரத்து எப்படி அடைபடும் என்று இடம் குறிப்பிட்டு எழுதுங்கள். நேரில் விசாரிக்க வேண்டும் என்பதும் சட்டம்.

இனி என் கருத்து. உங்களை விசாரிக்கிறவர் வருவாய்த் துறை அதிகாரி. அவர் சொல்வதே இறுதி என்கிறது சட்டம். ஆனால் பாதை கன்சல்டன்ட் மேசையில் வரைந்து, ஆணையம் ஏற்றுக்கொண்டு, கெஜட் வரை வந்தாகிவிட்டது. நீங்கள் கொண்டுபோகும் நல்ல யோசனையைக் கேட்கக் கடமைப்பட்டவரிடம், பாதையை நகர்த்தும் பேனா நடைமுறையில் இல்லை. பேனா வைத்திருப்பவரோ உங்களைச் சந்திக்கவே வேண்டியதில்லை. முழு நடைமுறையிலும் மிகப் பெரிய ஓட்டை இதுதான் என்பேன்.

அதற்குப் பிறகு எத்தனை நாள்?

3ஏ வந்த ஒரு வருடத்துக்குள் 3டி பிரகடனம், அதாவது நிலத்தை எடுக்கிறோம் என்ற இறுதி அறிவிப்பு, வராவிட்டால் அறிவிக்கை காலாவதி. வந்துவிட்டால் நிலம் அன்றே மத்திய அரசைச் சேர்ந்தது. இழப்பீட்டுத் தொகை டெபாசிட் ஆன பிறகு, 60 நாளில் ஒப்படைக்கச் சொல்லி நோட்டீஸ் வரும்.

இழப்பீடு ஏன் சந்தை விலைக்கு வருவதே இல்லை?

2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் கணக்கு தேசிய நெடுஞ்சாலைக்கும் 2015 ஜனவரி முதல் பொருந்துகிறது. பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு ஒரு பக்கம். முந்தைய மூன்று வருடத்தில் பதிவான கிரயங்களில் அதிக விலையுள்ள பாதியின் சராசரி இன்னொரு பக்கம். எது கூடுதலோ அது. கிராமப்புறமானால் 1 முதல் 2 வரை மாநில அரசு வைத்த ஒரு பெருக்கு எண். அதன்மேல், கட்டாயமாக எடுப்பதற்காக 100 சதவீதம் ஆறுதல் தொகை. மாமரத்தையும் தென்னையையும் தனியாக, வீடு கிணற்றைத் தனியாக மதிப்பிட வேண்டும். காகிதத்தில் பார்த்தால் தாராளம்தான்.

கோளாறு கிரயப் பத்திரத்தில். முத்திரைத் தாள் செலவை மிச்சம் பிடிக்க வழிகாட்டி மதிப்புக்கே பதிவு செய்வது ஊர் வழக்கம். அந்தப் பத்திரங்களே நாளைக்கு உங்கள் நிலத்துக்கு விலை சொல்லும். தொகை போதாதென்றால் நடுவரிடம் போகலாம். பெரும்பாலும் கலெக்டரே நடுவர். நெடுஞ்சாலைக்கு எடுத்த நிலத்துக்கும் ஆறுதல் தொகையும் வட்டியும் உண்டு என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு பழைய வழக்குகள் பலவற்றுக்கு உயிர் வந்தது.

நிலம் எடுக்கவில்லை, குழாயும் கம்பியும்தான் போகிறது என்கிறார்களே, அது பரவாயில்லையா?

எனக்குக் கேட்டால் அது இன்னும் மோசம். 1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி குழாய்க்கு எடுப்பது பயன்பாட்டு உரிமை மட்டும். பட்டா உங்கள் பெயரில் இருக்கும். ஆனால் குழாய் போகும் நிலப்பட்டையில் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. மாங்காய் ஊரில் மரம் வைக்கக் கூடாத நிலத்தை என்னவென்று சொல்வது? இதற்குச் சட்டத்தில் எழுதியிருக்கும் ஈடு சந்தை மதிப்பில் 10 சதவீதம், போக பயிர்ச் சேதம்.

கெயில் குழாய் தமிழ்நாட்டில் கோவையிலிருந்து கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டங்களில் 310 கிலோமீட்டர். விளைநிலத்தை விட்டுவிட்டு நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்று மாநில அரசு 2013-இல் உத்தரவிட்டது. உயர் நீதிமன்றம் அதே வருடம் அந்த உத்தரவை ரத்து செய்தது. 2016-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. மத்தியச் சட்டப்படி நடக்கும் வேலையில் மாநிலம் பாதையை மாற்றச் சொல்ல முடியாது என்பதுதான் சாரம். மூன்று வருடம் போனது. நெடுஞ்சாலை ஓரம் சாத்தியமா என்ற கேள்வியைப் பாதை வரையும்போதே மாநிலத்தோடு உட்கார்ந்து பேசியிருந்தால், நீதிமன்றப் படியே ஏறியிருக்க வேண்டாம்.

மின்கோபுரத்துக்கு நிலைமை வேறு. 2003 மின்சாரச் சட்டம், 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தை இரவல் வாங்கிக்கொள்கிறது. கம்பி இழுக்க உங்கள் சம்மதம் தேவையில்லை. தடுத்தால் கலெக்டர் உத்தரவு போடுவார். ஈட்டுத் தொகை மட்டும் கொஞ்சம் முன்னேறியிருக்கிறது. 2015-இல் மத்திய மின் அமைச்சகம் கோபுர அடித்தளத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பிக்குக் கீழுள்ள பட்டைக்கு 15 சதவீதம் வரை என்றது. 2024 ஜூனில் அதை 200, 30 என்று உயர்த்தியது. இது வழிகாட்டுதல்தான், மாநிலம் ஏற்று ஆணை போட்டால்தான் கைக்கு வரும். மனு எழுதும்போது இந்த இரண்டு எண்களையும் மறக்காமல் எழுதுங்கள்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேசி என்ன பயன்?

பேசுவதால் திட்டம் நிற்காது, வாக்கெடுப்பும் கிடையாது. ஆனால் நீங்கள் பேசியது வீடியோவாகவும் நடவடிக்கைக் குறிப்பாகவும் டெல்லியின் நிபுணர் குழுவுக்குப் போகும். பின்னால் வழக்கு என்று வந்தால் அந்தக் குறிப்புதான் சாட்சி. அதனால் கோஷத்தைவிட விவரம் முக்கியம்: எந்த ஏரி, எந்த ஓடை, எத்தனை கிணறு.

30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். திட்டத்தின் சுற்றுச்சூழல் பாதிப்பு பற்றிய வரைவு அறிக்கை கலெக்டர் ஆபீஸ், ஊராட்சி ஒன்றியம் அல்லது நகராட்சி, மாவட்டத் தொழில் மையம் ஆகிய இடங்களில் பார்வைக்கு இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கான பக்க ஆங்கில அறிக்கையும், அதன் சில பக்கத் தமிழ்ச் சுருக்கமும் கிடைக்கும். சுருக்கத்தில் உங்கள் ஊர் ஏரி இருக்காது. ஆங்கிலம் தெரிந்த கல்லூரிப் பிள்ளைகளை உட்காரவைத்து, முழு அறிக்கையில் உங்கள் ஊர்ப்பெயர் வரும் பக்கங்களை மட்டும் தேடச் சொல்லுங்கள்.

தொப்பூர் கணவாயில் மாதந்தோறும் உயிர் போகிறது. அங்கேயும் இத்தனை அனுமதியா?

நியாயமான கோபம். சேலம் நோக்கிய இறக்கத்தில் லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதுவது யாருக்கும் புதிய செய்தி இல்லை. 6.6 கிலோமீட்டர் உயர்நிலைச் சாலைத் திட்டம் போட்ட பிறகும், இருபுறமும் காடு என்பதால் வன அனுமதியும் ஒரு படி. இப்படி ஏற்கெனவே இருக்கும் சாலையின் விபத்துப் பகுதியைச் சரிசெய்யும் வேலைக்கும், விளைநிலத்தில் புதிதாக 277 கிலோமீட்டர் கிழிக்கும் வேலைக்கும் ஒரே வரிசையில் நிற்கும் கோப்பு என்பது அபத்தம். முதலாவதைத் தனிப் பாதையில் விரைவாக விடலாம். அதற்கு நான் முழு ஆதரவு.

அரசு ஏற்கெனவே செய்த சீர்திருத்தங்கள் என்னென்ன?

நல்லதும் உண்டு. 2018 முதல் சுற்றுச்சூழல், வன அனுமதிக் கோப்புகள் பரிவேஷ் இணையதளத்தில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதே வருடம் வந்த பூமி ராசி தளத்தால் நெடுஞ்சாலை அறிவிக்கைகள் வேகமாகின. 2021 அக்டோபரில் வந்த மத்திய அரசின் கதி சக்தி திட்டம், காடு, ரயில், குழாய், மின்பாதை எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் வைக்கிறது. துறையோடு துறை மோதாமல் பாதை வரைய அது உதவும். உங்கள் வீட்டுக் கிணறு அந்த வரைபடத்தில் இருக்காது.

மற்றவை மக்களைக் கேட்பதைக் குறைக்கிற வகை. சாலை, குழாய் போன்ற நீள் திட்டங்களுக்கு வன நிலம் எடுக்கும்போது கிராம சபைச் சம்மதம் பொதுவாகத் தேவையில்லை என்று 2013-இல் தளர்த்தினார்கள். சித்தேரி மலைக்காரர்களுக்கும் இது பொருந்தும். 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கைக்குப் பதிலாக 2020-இல் வந்த வரைவு அறிவிக்கை, கருத்துக்கேட்புக்கான முன்னறிவிப்பை 30 நாளிலிருந்து 20 ஆக்கப் பார்த்தது. கடும் எதிர்ப்பில் அது இறுதியாகவில்லை. முன் அனுமதி இல்லாமல் தொடங்கிய வேலைக்குப் பின்னால் அனுமதி தரக் கூடாது என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. நவம்பரில் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அந்தத் தீர்ப்பையே திரும்பப் பெற்றது.

மாநிலமும் சளைத்ததல்ல. 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களுக்கு, நீர்நிலை உள்ள நிலத்தையும் சேர்த்து ஒருங்கிணைக்கும் சட்டம் 2023 ஏப்ரலில் விவாதமே இல்லாமல் பேரவையில் நிறைவேறியது. ஏரிப்பாசன மாவட்டத்துக்காரர்கள் இதைக் கட்டாயம் படித்துவைக்க வேண்டும்.

எல்லா அனுமதியையும் ஒரே இடத்தில் கொடுத்தால் தீர்ந்துவிடாதா?

பிரிட்டன் செய்து பார்த்தது. 2008-ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்து, தேசிய அளவிலான பெரிய திட்டங்களுக்குப் பல அனுமதிகளைத் திரட்டி ஒரே உத்தரவாக்கியது. விண்ணப்பம் போடும் முன்பே உள்ளூர் மக்களிடம் கலந்துபேச வேண்டும், ஆய்வுக்கு ஆறு மாதம்தான் என்று கெடுவும் வைத்தது. அப்படியும் ஒப்புதல் கிடைக்கும் சராசரிக் காலம் 2012-இல் 2.6 வருடம், 2021-இல் 4.2 வருடம். வழக்குக்குப் பயந்து ஆவணங்கள் பெருகியது ஒரு காரணம். இப்போது அங்கேயும் மறுபடி திருத்துகிறார்கள்.

எல்லா அனுமதிக்கும் ஒரே சாளரம் வைப்பது நல்லதுதான். அதற்குள் போகும் பாதை யாரைக் கேட்டு வரைந்தது என்பதை அது மாற்றாது.

சரி, நீங்கள் என்னதான் மாற்றச் சொல்கிறீர்கள்?

முதலாவது, கெஜட்டுக்கு முன்னால் ஒரு கட்டம். குறைந்தது இரண்டு மூன்று மாற்றுப் பாதைகளை ஊராட்சி அலுவலகச் சுவரில், தமிழில், சர்வே எண்ணோடு ஒட்ட வேண்டும். பாதை வரைந்த பொறியாளரே கிராம சபைக்கு வந்து உட்கார வேண்டும். எதை ஏற்றார், எதைத் தள்ளினார், ஏன் என்பதை எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்கு நான்கைந்து மாதம் ஆகலாம். எட்டு வழிச் சாலையில் கழிந்த வருடங்களோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

அதோடு, குழாய்க்கும் கம்பிக்கும் பழைய சட்டங்களின் சலுகையை நிறுத்தி, பயன்பாட்டு உரிமைக்கு வருட வாடகை போலத் தர வேண்டும். ஒருமுறை பத்து சதவீதத்தை வாங்கிக்கொண்டு தலைமுறைக்கும் மரம் வைக்காமல் இருப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

இன்னொன்று சொன்னால் நம் ஆட்களே என்னைத் திட்டலாம். இப்படி முன்னாலேயே முழுசாகக் கேட்டு முடித்த திட்டத்துக்கு, பின்னால் எதிர்ப்பவர்களுக்கும் கெடு வேண்டும். ஒரு தடவை, ஒரு நீதிமன்றத்தில், குறித்த மாதத்துக்குள் முடிய வேண்டும். நடுவில் நிற்கும் திட்டத்தால் அதிகம் கெடுவது கல் நட்ட நிலத்தை விற்கவும் முடியாமல் உழவும் மனசில்லாமல் இருக்கிற விவசாயிதான்.

ஓசூர் விமான நிலையம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது? இப்போதே ஏதாவது செய்யலாமா?

2024 ஜூனில் முதலமைச்சர் சட்டப்பேரவையில் 110 விதியின் கீழ் அறிவித்தார்: சுமார் 2,000 ஏக்கர், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகள். புதிய விமான நிலையத்துக்கு மத்திய அரசிடம் முதலில் இடத்துக்கான அனுமதி, பிறகு கொள்கையளவு ஒப்புதல், அதன்பின் சுற்றுச்சூழல் அனுமதி என்று படிகள் உண்டு. இதோடு ஒரு முட்டுக்கட்டை: பெங்களூரு விமான நிலையத்தின் ஒப்பந்தப்படி, 150 கிலோமீட்டர் சுற்றளவில் 2033 வரை போட்டியாக இன்னொன்று வர முடியாது. ஓசூர் அந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறது. அதனால் நாளைக்கே புல்டோசர் வராது.

இந்த இடைவெளியைத்தான் பயன்படுத்த வேண்டும். எந்தெந்த இடங்களை ஆய்வு செய்தார்கள், மற்றவற்றை ஏன் தள்ளினார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் இப்போதே கேளுங்கள். அடுத்த கிராம சபையில் உங்கள் ஊரின் ஏரி, ஓடை, கிணறு, பசுமைக்குடில் ஆகியவற்றின் பட்டியலைத் தீர்மானத்தோடு பதிவேட்டில் ஏற்றி, நகலை வாங்கி வையுங்கள். இடைத்தரகர் அட்வான்ஸ் நீட்டினால் வாங்காதீர்கள். பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் பின்னால் இழப்பீடு யாருக்கு என்பதே தனி வழக்காகிவிடும்.